இரண்டாவது வீடியோ

எழில்மொழி திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது பங்குனி முடியச் சில நாட்களே இருந்தன. அப்பா நெடுஞ்செழியன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். தெரிந்தவர் ஒருவருடைய காரில் வந்திருந்தார். வழியெல்லாம் டப்ளினைப் பற்றியே கேட்டார். அங்கே இப்போதும் குளிர்தானா, அறையில் கூட இருக்கிற இர்ஃபானாவும் ஊருக்கு வந்திருக்கிறாளா, காலையில் என்ன சாப்பிடுகிறாய். கல்லணையைத் தாண்டி திருக்காட்டுப்பள்ளி சாலையில் திரும்பியதும் அவள் கேட்டாள்.

“குறுவைக்கு என்ன வெதப்பா எடுத்திருக்கீங்க?”

“பாக்கலாம்.”

நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு அப்பா ஏதாவது ஒரு ரகத்தின் பெயரைத்தான் பதிலாகச் சொல்லியிருக்கிறார். போன வருஷம் ஏன் அதை விட்டார், இந்த வருஷம் ஏன் இது என்று கேட்காமலே விளக்குவார். ‘பாக்கலாம்’ என்ற சொல்லை அவர் வயலைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்தி அவள் கேட்டதில்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பயணம் செய்தது அவள்தான் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

டப்ளினில் ஒரு பிசினஸ் ஸ்கூலில் அவள் முதுகலை படிக்கிறாள். ஒரு வருடப் படிப்பு, அரசு உதவித்தொகை. பகலில் வகுப்பு, வாரத்தில் மூன்று மாலைகள் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் அலமாரி அடுக்கும் வேலை. அந்தக் கல்லூரியில் ஆண்டுதோறும் ஒரு போட்டி நடக்கும். தொடங்க நினைக்கும் தொழிலை மாணவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். எழில்மொழி சொன்னது நெல் உலர்த்தும் வண்டி. ஈரப்பதம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் எடுக்காமல் திருப்பிவிடும் நெல்லைச் சாலையில் கொட்டிக் காயவைத்துக்கொண்டு மழையைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் அவள் தெருவில் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்துக்கொள்ள, வயலோரத்துக்கே வருகிற மாதிரி ஒரு வண்டி. மனுவோடு அவள் அனுப்பிய, அப்பா வயலில் நின்று பேசும் வீடியோவைக் கல்லூரி தன் இணையப் பக்கத்தில் போட்டது; இறுதிச் சுற்றுக்குத் தேர்வானவர்களில் அவளும் ஒருத்தி. நேரில் போய் விவசாயிகளிடம் பேசிவிட்டு வரக் கல்லூரியே விமானச்சீட்டு எடுத்துக் கொடுத்தது. மே மாதம் இறுதிச் சுற்று. ஜெயித்தால் படிப்பு முடிந்ததும் அங்கேயே ஒரு வருடம் தங்கி, அந்த வண்டியைச் செய்து பார்க்கலாம்.

வீட்டில் அம்மா அம்சம் விரால் குழம்பு வைத்திருந்தாள்.

“ஒன் படத்த தெருவே பாத்துடுச்சு. ஊர்ல பாக்காதது மாடு கன்னுதான். நான் எடுத்த படம்னு யாராவது ஒத்துக்கிறாங்களா? மூலையில என் வெரலு தெரியுது பாருங்கடின்னு காட்டுனேன். அப்பறம்தான் நம்புனாளுவ.”

“அந்த விரலுக்கே ஒரு பரிசு குடுக்கணும்னு அங்க சொன்னாங்கம்மா.”

“குடுக்கட்டும். ஐயா வீட்டுலயும் பாத்துட்டாங்க.”

“அம்சம், அது சாப்புடட்டும்” என்றார் அப்பா.

“சாப்புட்டுகிட்டே கேக்கட்டும். காதுலயா சோறு போவுது?”

அப்பா எழுந்து கை கழுவப் போனார். இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

ஐயா என்றால் திருக்காட்டுப்பள்ளியில் இருக்கும் சாரங்கபாணி. அப்பா பயிர் வைக்கும் ஐந்து ஏக்கரும் அவருடையது. தாத்தா அந்தப் பண்ணையில் ஆளாக இருந்தவர். அப்பா குத்தகைக்குப் பிடித்தார். குத்தகை என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் காகிதத்தில் அப்படி ஒன்று இல்லை. அடங்கல் என்ற கிராமப் பயிர்க் கணக்கில் பயிர் செய்பவர் பெயரும் சாரங்கபாணிதான். வெள்ளம் வந்து நிவாரணம் கொடுத்தால் அவர் வங்கிக் கணக்குக்குப் போகும். அவர் அதில் ஒரு பங்கைக் கூப்பிட்டுக் கொடுப்பார். கொடுக்காமல் இருந்ததில்லை. அவர்களுக்குள் இருக்கும் ஒரே உறுதி, பங்குனி முடிவதற்குள் அவர் வீட்டிலிருந்து சொல்லி அனுப்புவதுதான். அப்பா போவார். வெற்றிலை பாக்கோடு ஒரு மரக்கால் விதைநெல் அளந்து அப்பாவின் துண்டில் போடுவார் சாரங்கபாணி. அது என்ன ரகம் என்று யாரும் பார்ப்பதில்லை. வேளாண் டெப்போவில் வாங்கிய விதையோடு அதையும் கலந்துவிடுவார் அப்பா. அந்த நெல் வந்தால் அந்த வருஷம் வயல் உண்டு. சித்திரையில் வருஷத்தின் முதல் உழவாக நல்லேர் பூட்டலாம்.

இந்த வருஷம் சொல்லி அனுப்பவில்லை.

“ஒங்கப்பாவா போயி நின்னாரு” என்றாள் அம்மா. “மவன் பரணி வரான், வரட்டும், பேசிக்கலாம்னுட்டாராம் ஐயா. மொகத்தப் பாத்து சொல்லலயாம். செவுத்தப் பாத்து சொன்னாராம்.”

எழில்மொழி இலையை மடித்தாள். வீடியோவில் அப்பா என்ன சொல்கிறார் என்பதை அவள் மறுபடி பார்க்கத் தேவையில்லை. அதற்கு ஆங்கிலத்தில் எழுத்துப் போட்டவளே அவள்தான். பின்னால் சம்பா விளைந்து சாய்ந்திருக்கிறது. அப்பா நேராக நின்று சொல்கிறார். ‘இந்த அஞ்சு ஏக்கர்ல முப்பது வருஷத்துக்கு மேல நான்தான் பயிர் வைக்கிறேன். எங்கப்பா இதே வயல்ல ஆளா இருந்தாரு.’

அந்த வாக்கியம் வந்த விதத்தைத்தான் அன்று பிற்பகல் முழுவதும் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில் கல்லூரியின் வேலைவாய்ப்பு ஆலோசகர் ஓர்லா ஒரு பயிற்சி வகுப்பு எடுத்தாள். திட்டத்தைச் சொல்வதற்கு முன் உங்களைச் சொல்லுங்கள், உங்கள் கதைதான் உங்கள் முதலீடு என்றாள். எல்லோரும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவன் அகதி முகாமில் பிறந்தவன். ஒருத்தி நான்கு வயதிலிருந்து பியானோ வாசிக்கிறாள். கூத்தாநல்லூர்க்காரி இர்ஃபானா அன்று அறைக்கு வந்ததும் கட்டிலில் விழுந்து சொன்னாள்.

“எங்க வாப்பாவுக்கு மளிகைக் கட. அத வச்சு ரெண்டு நிமிஷம் கூட ஓட்ட முடியாதுடி. பருப்பு பொட்டலம் கட்டுறத காட்டுனா யாரு அழுவா? உனக்கென்ன, வயல் இருக்கு, வாய்க்கா இருக்கு, வெயில்ல நிக்கிற அப்பா இருக்காரு. ஆஸ்கார் உனக்குத்தான்.”

அவள் அந்தக் கிண்டலுக்குச் சிரித்தாள். மறுநாளே அம்மாவுக்குப் போன் செய்தாள். அரிவாளோடு நின்றால் நன்றாக இருக்கும் என்று ஓர்லா சொல்லியிருந்தாள். வீட்டில் அரிவாள் எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியவில்லை. அறுவடை மிஷின் வந்து எத்தனை காலம் ஆகிறது! பக்கத்து வீட்டில் தேடி எடுத்து வந்தார்கள். துருப்பிடித்த அரிவாளைப் பிடித்துக்கொண்டு அப்பா கொஞ்சமும் கூச்சப்படாமல் நின்றார். ஒரு பிடி நெல்லை அறுத்தும் காட்டினார். மிஷின் அடுத்த வயலில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காகக் காத்திருந்து எடுத்தார்கள்.

பேச வந்தபோதுதான் திணறினார். ‘இந்த அஞ்சு ஏக்கர்ல’ என்று தொடங்கி நிறுத்தினார். துண்டை எடுத்து முகம் துடைத்தார். அம்மா ஒரு போனில் படம் எடுக்க, இன்னொரு போனை வரப்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் எழில்மொழி.

“இத சொல்லணுமாம்மா?” என்று அந்தப் போனைப் பார்த்துக் கேட்டார்.

“அதுதாம்ப்பா முக்கியமே. கேமராவப் பாத்து இன்னொரு தரம் சொல்லுங்க.”

மூன்று நான்கு முறை சொல்லவைத்தாள். கடைசியில் நன்றாக வந்தது.

அவளுக்குத் தெரியாத விஷயம் அல்ல இது. அதுதான் இப்போது அவளைக் குடைந்தது. சின்ன வயதில் கிராம நிர்வாக அலுவலர் வரப்பில் நின்று “யாரு வயலு?” என்று கேட்டதும், “ஐயா வயல் சார். நான் கூலிக்குப் பாக்குறேன்” என்று அப்பா சொன்னதும் அவள் கண்ணெதிரே நடந்தவை. ஒவ்வொரு அலுவலரிடமும் அதே சொற்கள். குத்தகை என்ற பேச்சு காதில் விழுந்தால் பயிர் வைப்பவரை எழுப்ப முடியாமல் போகுமோ என்று நிலக்காரர் பயப்படுவார், பயந்தால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவார் என்பதெல்லாம் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்படியானால் அப்பா கேட்டபோது ஏன் காதில் விழவில்லை? கேமரா கூச்சம் என்று ஏன் நினைத்தாள்? டப்ளினில் ஹீட்டர் போட்ட அறையில் உட்கார்ந்திருந்தபோது அந்த வாக்கியம் அவளுடையதாகத் தெரிந்தது. அவள் யார் என்று சொல்கிற வாக்கியம். அதைச் சொல்லப்போகிறவர் எங்கே நிற்கிறார் என்பதை அவள் பார்க்கவில்லை. அவர் காலுக்குக் கீழே இருப்பதுதான் நிலம் என்பது திரையில் நன்றாகவே தெரிந்துகொண்டிருந்தது.

வெயில் தாழ்ந்ததும் அப்பா வயலுக்குக் கிளம்பினார். அவளும் கூடப் போனாள். உளுந்து எடுத்த வயல் காய்ந்து வெடித்துக் கிடந்தது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை. மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்தார்கள்.

“அப்பா, சட்டம் இருக்கு. குத்தகைக்காரங்களப் பதியலாம். முப்பது வருஷம் பயிர் வச்சவர அவங்களால சும்மா போன்னு சொல்ல முடியாது. வாங்க, நாளைக்கே தாசில்தார் ஆபீஸ் போவோம்.”

“தெரியும். வெவசாய சங்கத்துல எப்பவோ சொன்னாங்க.”

“அப்பறம் ஏன் செய்யல?”

அவர் கொட்டகைச் சுவரைத் தட்டினார். “இந்த மோட்டாரு யாரு பேர்ல இருக்கு?”

“ஐயா பேர்ல.”

“கரண்டு?”

“அதுவும் அவரு பேர்லதான்.”

“வண்டிப் பாத அவரு தம்பி நெலத்து வழியா வருது. கேஸு போட்டா செயிக்கலாம். செயிக்கிற வரைக்கும் தண்ணி வேணும்ல? பயிரு வாய்தாவுக்குக் காத்துக்கெடக்குமா?”

“அதுக்காக இப்படியே இருக்கணுமா?”

“இப்படியேன்னா எப்படி? இப்படித்தான் ஒன்னப் படிக்க வச்சேன்.” கோபமில்லாமல்தான் சொன்னார். கணக்கு ஒப்பிக்கிற மாதிரி. பிறகு, “நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. நான்தான சொன்னேன். வாய் என்னுது” என்றார்.

அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்குத் திரும்பியதும் ஓர்லாவுக்கு எழுதினாள். வீடியோவை இணையத்திலிருந்து உடனே எடுத்துவிடும்படி கேட்டாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. எடுத்துவிடலாம், ஆனால் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானது அந்த வீடியோவோடு சேர்ந்த மனு, அதை மாற்றும் கெடு முடிந்துவிட்டது, எடுத்தால் போட்டியிலிருந்து விலகியதாகவே ஆகும், யோசித்துச் சொல்லுங்கள் என்று இருந்தது. இர்ஃபானாவுக்குப் போன் செய்தாள். அவள் டப்ளினில் வேலைக்குப் போகும் பேருந்தில் இருந்தாள்.

“அப்ப அந்த ஒரு வருஷம் போயிடும்ல?”

“போயிடும்.”

“அந்தாளு சும்மா மிரட்டுறானா இருக்கும்டி. ரெண்டு நாளு பொறுத்துப் பாரேன்.”

“யாரும் மிரட்டல. அதான் கஷ்டமா இருக்கு. கூப்புடாம இருக்காங்க, அவ்வளவுதான்.”

“சரி, எடுத்துடு” என்றாள் இர்ஃபானா. “வாப்பா கடை வாடகைக் கடைதான். எனக்குப் புரியுது.”

எடுத்துவிடச் சொல்லி எழுதினாள். மறுநாள் காலை இணைப்பைத் தட்டினால் பக்கம் இல்லை என்று வந்தது. அன்றுதான் பரணிதரன் சென்னையிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார்கள். எடுத்தாகிவிட்டது என்று நேரில் சொன்னால் முடிந்துவிடும் என்று அவள் நினைத்தாள். அப்பாவோடு தானும் வருவதாகச் சொன்னாள். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டியை எடுத்துத் துடைத்தார்.

சாரங்கபாணி வீட்டுக் கூடத்தில் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. அவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்த வாசனை வந்தது. பரணிதரன் கால்சட்டை, டீ ஷர்ட்டில் எழுந்து வந்தான். நாற்பது வயது இருக்கும். அவனும் எம்.பி.ஏ. படித்தவன்தான்.

“வாங்க எழில், உக்காருங்க. ஜெட்லாக் எல்லாம் போயிடுச்சா? செழியன், அந்த நாற்காலிய இழுத்துப் போடு.”

அப்பா நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டார். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. தூணோரம் நின்றார். அவள் உட்காரலாமா நிற்கலாமா என்று ஒரு கணம் தடுமாறினாள். அப்பா கண்ணால் உட்கார் என்றார். உட்கார்ந்தாள். அவன் அவளிடம் ‘வாங்க’ என்பதும் அப்பாவிடம் ‘போடு’ என்பதும் ஒரே மூச்சில் வந்தன. அதில் அவமதிக்கும் எண்ணம் எதுவும் இல்லை. பழக்கம், அவ்வளவுதான்.

“வீடியோ பிரமாதம். சும்மா சொல்லல. நானே ஆபீஸ்ல நாலு பேருக்கு அனுப்புனேன், எங்க ஊருப் பொண்ணுன்னு. எங்க மாமனார்தான் பாத்துட்டு போன் பண்ணாரு. மாப்ள, இது உங்க நெலம்தானேன்னாரு.”

“எடுத்தாச்சு சார். இப்ப போயிப் பாருங்க, இருக்காது.”

“பாத்தேன். தேங்க்ஸ்.” அவன் நெற்றியைத் தேய்த்தான். “ஆனா போட்டது போட்டதுதான? யாரு யாரு எறக்கி வச்சிருக்காங்கன்னு நமக்குத் தெரியாது. தப்பா நெனைக்காதீங்க. குத்தாலத்துல எங்க சித்தப்பா நெலம் ஒண்ணு கோர்ட்டுல கெடக்கு. அவரும் இப்படித்தான், வாய்வார்த்தைக்கு விட்டாரு. அவரு போயிச் சேந்துட்டாரு, கேஸு போவல. வக்கீல் என்ன சொல்றாருன்னா, வேற ஆளப் பாத்து விடுங்க, இல்லன்னா தரிசாப் போடுங்கன்றாரு.”

“பரணி” என்றார் சாரங்கபாணி.

“நான் அப்படிச் செய்யப் போறதில்லப்பா. செழியன் என்னத் தோள்ல வச்சு தேர் காட்டுன ஆளு.” அவன் அவள் பக்கம் திரும்பினான். “பேப்பர்ல கையெழுத்தெல்லாம் வேணாம். அது என்னமோ சண்ட மாதிரி இருக்கு. அதே மாதிரி ஒரு வீடியோ எடுத்துக் குடுத்துடுங்க. அதே வயல்ல. நான் இங்க கூலிக்கு வேல பாக்குறேன், பயிர் ஐயாவோடதுன்னு. என் போன்ல கெடக்கும். எங்கயும் போட மாட்டேன். அப்பா, நாளைக்கே வந்து வெதநெல்லு வாங்கிட்டுப் போகச் சொல்லுங்க.”

கடைசி வாக்கியம் தன் அப்பாவிடம் சொன்னது. சாரங்கபாணி அவனையும் பார்க்கவில்லை, நெடுஞ்செழியனையும் பார்க்கவில்லை.

எழில்மொழிக்குச் சொல்ல ஏராளமாக இருந்தது. பேரம் பேசுவது பற்றி ஒரு பருவம் முழுவதும் படித்திருந்தாள். எதிராளிக்கு எதில் பயம், நம் கையில் வேறு என்ன வழி இருக்கிறது, முதலில் எண்ணைச் சொல்வது யார். இங்கே வேறு வழி என்று அவள் கையில் இருந்தது ஒன்றுதான், தாசில்தார் அலுவலகம். அதை அப்பா ஏற்கெனவே மோட்டார் கொட்டகையில் வைத்து மூடிவிட்டார். இருந்தும் வாயைத் திறந்தாள்.

“சார், அது உண்மை இல்லையே.”

“உண்மைதான் எல்லாருக்கும் தெரியுமே” என்றான் பரணிதரன். நிஜமாகவே குழம்பிய முகத்தோடு. “அதனாலதான் கேக்குறேன்.”

“எடுத்துடலாம் தம்பி” என்றார் அப்பா தூணோரத்திலிருந்து. “காலையில வெயிலுக்கு முந்தி எடுத்துடறோம்.”

வீட்டில் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“நான் எடுக்க மாட்டேன்.”

“நீ எதுக்கு? எழிலு எடுக்கும்.”

“யாரும் எடுக்கக் கூடாதுன்றேன். கூலிக்காரனுக்குன்னா என்னக் கட்டிக் குடுத்தாங்க? நடவுக்கு நாந்தான ஆள் சேத்து எறங்குனேன்? என் தாலிக்கொடிய வச்சுதான மொத வருஷம் பயிரு வச்ச? அதெல்லாம் யாரு பேர்ல?”

“அம்சம், சித்தர பொறக்கப் போவுது.”

“பொறக்கட்டும்.”

“நாத்து விடணுமா வேணாமா?”

அம்மா முறத்தை எடுத்துப் புடைக்கத் தொடங்கினாள். புடைக்கும் சத்தம் வழக்கத்தைவிட பலமாக இருந்தது.

காலையில் அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். முதல் வீடியோவில் போட்டிருந்த நீலச் சட்டை வேண்டாம், பழைய பனியனும் துண்டும் போதும் என்று அவரே முடிவு செய்திருந்தார். எந்த இடத்தில் நிற்பது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. மேற்கு வரப்பில், முன்பு நின்ற அதே வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில். எழில்மொழி போனை இரண்டு கைகளாலும் பிடித்தாள். சிவப்புப் புள்ளியைத் தொட்டாள்.

“நான் நெடுஞ்செழியன். இது சாரங்கபாணி ஐயா நெலம். பயிரு அவங்களோடது. நான் கூலிக்கு வேல பாக்குறேன். எனக்கு இதுல பாத்தியத எதுவும் இல்ல.”

ஒரு தடங்கலும் இல்லை. துண்டை எடுத்து முகம் துடைக்கவில்லை. குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கேமராவைப் பாருங்கள் என்று சொல்லும் அவசியமே வரவில்லை. நேராகப் பார்த்தார். நிறுத்தியபின் அவள் புரிந்துகொண்டாள், இதற்கு அவர் திணற வேண்டிய தேவையே இல்லை என்று. இத்தனை வருஷமாக வரப்பில் வந்து நின்ற ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய பாடம். பாத்தியதை என்ற சொல்லைக்கூட எந்த அலுவலரிடமிருந்தோ பொறுக்கி வைத்திருக்கிறார். திணறியது அந்த இன்னொரு வாக்கியத்துக்குத்தான். அதை அவர் வாழ்க்கையில் உரக்கச் சொன்னது அந்த ஒரு நாள்தான், அதுவும் அவள் கேட்டதற்காக.

“சரியா வந்துச்சா?” என்றார். “இன்னொரு தரம் சொல்லணுமா?”

“வேணாம்ப்பா.”

பரணிதரனுக்கு அனுப்பினாள். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. கட்டைவிரல் ஒன்று வந்தது.

விதைநெல் வாங்க அப்பாவோடு அவள் போகவில்லை. அவர் திரும்பி வந்தபோது துண்டில் நெல் இருந்தது, வெற்றிலை பாக்கு இருந்தது. அம்மா வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

“ஐயா என்ன சொன்னாரு?” என்று கேட்டாள் எழில்மொழி.

“ஒண்ணும் சொல்லல. தம்பி படத்தக் காட்டுச்சு. அப்பறம் பாக்குறேன்னுட்டு எழுந்திரிச்சாரு. காலு வலியோட அவரே போயி மரக்கால எடுத்தாந்து அளந்தாரு.” அப்பா கொஞ்சம் யோசித்தார். “தலை தட்டாம அளந்தாரு.”

“ஆமா, கோபுரமா அளந்துட்டா சரியாயிடும்” என்றாள் அம்மா. ஆனாலும் சிந்திய நெல்லை ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்தாள்.

சித்திரை பிறந்து நல்ல நாள் பார்த்து நல்லேர் பூட்டினார்கள். டிராக்டருக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, சனி மூலையிலிருந்து ஓட்டத் தொடங்கினார்கள். கோடை மழை ஒன்று பெய்திருந்ததால் மண் கட்டி கட்டியாகப் புரண்டது. அப்பா அந்த விதைநெல்லில் ஒரு பிடி எடுத்து உழுத இடத்தில் வீசினார். அம்மா வந்திருந்தாள், ஆனால் வேப்பங்கன்று இருந்த பக்கம் போகவில்லை.

எழில்மொழி நாளை கிளம்ப வேண்டும். மீதி இருப்பது ஒரு பருவமும் ஆய்வறிக்கையும். வண்டித் திட்டத்தை ஆய்வறிக்கையாக எழுதலாம். யாருடைய முகமும் இல்லாமல், ஈரப்பதமும் வாடகையும் மட்டும் வைத்து. அப்படி எழுதினால் யார் படிப்பார்கள் என்று தெரியவில்லை. வரப்பில் நின்றிருந்தபோது ஓர்லாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நீங்கள் விலகியதில் எங்களுக்கு வருத்தம், உங்கள் நிலைமை ஓரளவு புரிகிறது, உண்மையில் ஏன் விலகினீர்கள் என்பதே வலுவான கதையாக இருக்கும் என்று தோன்றுகிறது, எங்கள் பக்கத்துக்கு அதை எழுதித் தர முடியுமா, பெயர் போடாமல்கூட வெளியிடலாம்.

அவள் முகத்தைப் பார்த்து அப்பா பக்கத்தில் வந்தார்.

“என்ன போட்டிருக்கு?”

“ஏன் எடுத்தேன்னு எழுதச் சொல்றாங்க.”

“எழுதப் போறியா?”

“இல்லப்பா.”

அவர் தலையசைத்தார். டிராக்டர் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கொக்குகள் பின்னாலேயே இறங்கின.

“அந்த மொத படம்” என்றார்.

“எடுத்தாச்சுப்பா. இனிமே யாரு தேடுனாலும் வராது.”

“அதில்ல. ஒன் போன்ல இருக்கா?”

“இருக்கு.”

“அழிச்சிடாத.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. வெயிலுக்குக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு வயலைத்தான் பார்த்தார்.

“யாருக்கும் காட்ட வேணாம். இருந்தா போதும்.”

“சரிப்பா.”

டிராக்டர் ஓட்டி வந்தவர் தூரத்திலிருந்து குரல் கொடுத்தார். “அண்ணே, மேலண்டப் பக்கம் எதுவரைக்கும் போவட்டும்?”

“வரப்பு வரைக்கும் போ. வரப்பத் தொட்டுடாத” என்று சத்தம் போட்டுக்கொண்டே அப்பா வயலுக்குள் இறங்கினார்.